கரையிலிருந்து கணக்குப் போடுங்கள், தம்பி

டெக்சாஸில் கால்வெஸ்டன் வளைகுடா ஓரம் வசிக்கும் தமிழ் இளைஞர் ஒருவர். பைக் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் மாட்டி நடக்கிறார். அதே விபத்தில் வலது தோளிலும் அறுவைச் சிகிச்சை. கரையில் நின்று தூண்டில் போட்டுச் சலித்துவிட்டது. சதுப்பு ஓடைகளுக்குள் கயாக்கில் போய் ரெட்ஃபிஷ் பிடிக்க வேண்டும் என்று ஆசை. முதல் கயாக் எதை வாங்கலாம் என்று மூன்று படகுகளின் பெயரை எழுதிக் கேட்டிருக்கிறார். அவருக்குச் சொல்லும் பதில் முதுகுவலிக்காரர், மூட்டுவாதக்காரர், சக்கர நாற்காலிக்காரர் என்று வேறு பலருக்கும் பொருந்தும் என்பதால் இது திறந்த கடிதமாகிறது.

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எழுதிய மூன்றுமே நல்ல படகுகள்தான். மூன்றும் 12 அடிக்கு மேல், மூன்றும் அகலமானவை, இரண்டில் பெடல், ஒன்றில் மோட்டார். விளம்பரப் படங்களில் ஒருவர் நடுத் தண்ணீரில் நிமிர்ந்து நின்று தூண்டில் வீசுகிறார். அந்தப் படகை வீட்டிலிருந்து யார் தூக்கி வந்தார்கள், காலையில் யார் இறக்கினார்கள், மாலையில் களைத்துப்போய் ஈரத்தோடு யார் ஏற்றினார்கள் என்பது எந்தப் படத்திலும் இல்லை. உங்களுக்குச் சிக்கல் வரப்போகும் இடம் அதுதான். தண்ணீரில் வரும் சிக்கல்களுக்குப் பெரும்பாலும் வழி உண்டு. கார் நிறுத்துமிடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் ஐம்பது அடிக்குத்தான் யாரும் கணக்குப் போடுவதில்லை.

முதலில் எளிதான முடிவை எடுத்துவிடலாம். கயாக்கில் இரண்டு வகை. ஒன்றில் கால்கள் படகின் வயிற்றுக்குள் போகும்; மற்றதில் மேலேயே உட்காருவோம். உங்களுக்கு இரண்டாவதுதான். கவிழ்ந்தால் உள்ளே எதுவும் மாட்டிக்கொள்ளாது; செயற்கைக் கால் மடங்கிச் சிக்கும் பயமும் இல்லை. 1970-களில் கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் டிம் நீமியர் என்பவர் சர்ஃப் பலகை மாதிரியில் ஆரம்பித்த யோசனை இது. பிறகு ஓஷன் கயாக் என்ற நிறுவனமாக வளர்ந்தது. மேலே விழும் அலை, தளத்திலுள்ள துளைகள் வழியே கீழே வடிந்துவிடும். கட்டுமரத்தில் இரண்டு மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இனி பெடல். உங்கள் தோளை நினைத்துத்தான் பெடல் படகு கேட்கிறீர்கள். அந்த யோசனை சரி. ஆனால் பெடலிலும் இரண்டு குணம் உண்டு. கிரெக் கெட்டர்மேன் வடிவமைத்த மிராஜ் டிரைவை ஹோபி நிறுவனம் 1997-ல் கொண்டுவந்தது. படகின் அடியில் இரண்டு துடுப்பு இறக்கைகள், பென்குவின் நீந்துவதுபோல் இடமும் வலமும் அசையும். கால்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மாற்றி மாற்றி முன்னே தள்ளுவது. நேட்டிவ், ஓல்ட் டவுன் போன்ற நிறுவனங்களின் பெடல்களோ சைக்கிள் போல வட்டமாகச் சுற்றும். கீழே சிறிய புரொபெல்லர் ஓடும். வட்டப் பெடலில் பின்னால் மிதித்தால் படகு உடனே பின்னோக்கிப் போகும். ஹோபியின் பழைய வகைகளில் அது முடியாது. பிற்காலத்து 180 வகையில் கைப்பிடியை இழுத்தால் முடியும். மீன் இழுத்துக்கொண்டு தூணுக்கடியில் ஓடும்போது பின்னோக்கிப் போவது பெரிய வசதி. கடைக்காரர் அதைத்தான் முதலில் சொல்வார்.

உங்களுக்கு முக்கியம் வேறு. வட்டப் பெடலில் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் நன்றாக மடங்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் மாட்டுபவருக்கு அந்தச் சாக்கெட்டின் பின்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தில் இடிக்கும். பத்து நிமிடத்துக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் மிதித்தால் தோல் சிவந்து, அடுத்த நாள் காலையே மாட்ட முடியாமல் போகலாம். ஹோபியின் தள்ளு பெடலில் மடக்கம் குறைவு. இருக்கையைப் பின்னால் நகர்த்தி, பெடல் கையை நீட்டிவைத்தால் இன்னும் குறையும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் இதே கணக்குதான். செயற்கைப் பாதம் பெடலிலிருந்து நழுவுவது இன்னொரு தொல்லை; பாதத்துக்கு உணர்வில்லாததால் நழுவியது கண்ணில் பட்டால்தான் தெரியும். பட்டை போட்டுப் பிணைக்கலாம். ஆனால் அது இழுத்தவுடன் பிரியும் வெல்க்ரோவாக மட்டும் இருக்கட்டும். பக்கிள் வேண்டவே வேண்டாம்.

கால்வெஸ்டன் பக்கத்துச் சதுப்பில் தண்ணீர் முழங்கால் ஆழம்; அடியில் சிப்பிப் பாறைகள். தள்ளு பெடலில் ஒரு காலை முழுக்க முன்னே தள்ளிப் பிடித்தால் இரண்டு இறக்கைகளும் படகின் அடியோடு படுத்துக்கொள்ளும், பாறையைத் தாண்டிவிடலாம். புரொபெல்லரைக் கையால் மேலே தூக்க வேண்டும். அதற்கும் ஒரு தோள் வேண்டும் பாருங்கள்.

இப்போதுதான் உண்மையான முரண்பாட்டுக்கு வருகிறோம். தண்ணீரில் தோளைக் காப்பாற்றும் படகு தரையில் தோளை முறிக்கும். நீங்கள் முதலில் எழுதியிருக்கும் ஹோபி புரோ ஆங்கிலர் 14-ஐ எடுத்துக்கொள்வோம். 38 அங்குல அகலம்; அதன் மேல் நடந்தே பார்க்கலாம், அவ்வளவு நிலை. ஆனால் வெறும் உடலே 50 கிலோவுக்கு மேல். இருக்கை, பெடல் எல்லாம் சேர்ந்தால் 60-ஐத் தாண்டும். இரண்டு தோளும் சரியாக உள்ள ஆளே அதைத் தனியாகக் காரின் கூரையில் ஏற்ற முடியாது. பத்து, பத்தரை அடி பெடல் கயாக்குகளில், கழற்றக்கூடியதைக் கழற்றிய பிறகு 25 முதல் 30 கிலோவில் நிற்பவை உண்டு. இருபது, இருபத்தைந்து கிலோ வித்தியாசம் என்பது ஒரு மூட்டை சிமெண்டில் பாதி.

காரின் கூரையில் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தூலே நிறுவனத்தின் ஹல்லவேட்டர் போன்ற சாதனம் இருக்கிறது. அதன் கைகள் காரின் பக்கவாட்டில் இடுப்பு உயரம் வரை இறங்கி வரும். படகை அதில் படுக்கவைத்துக் கட்டி மேலே தள்ளினால், வாயு அமுக்கத் தண்டுகள் சுமார் 18 கிலோ பாரத்தைத் தாமே தாங்கிக்கொள்ளும். ஆனால் அதன் வரம்புக்கு மேற்பட்ட எடையுள்ள படகுக்கு அது ஆகாது; இடுப்பு உயரம் வரை தூக்குவதும் நம் வேலைதான். உங்கள் தோளுக்குத் தாழ்வான சிறு டிரெய்லரே பொருத்தம். தூக்குவதே கிடையாது, இழுப்பது மட்டும்தான். டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னோக்கி விட்டால் படகு தானே மிதந்து விடும். படகுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து டிரெய்லருக்கும் கார்க் கொக்கிக்கும் போடச் சொன்னால் இருபத்தாறு வயதில் யாருக்கும் மனம் வராது. போடத்தான் வேண்டும்.

அடுத்தது இறங்கும் இடம். படகு வாங்குவதற்கு முன் இரண்டு சனிக்கிழமைகளை இதற்கே ஒதுக்குங்கள். கடற்கரைப் படகுத்துறைகளைச் சுற்றிப் பாருங்கள். டெக்சாஸ் வனவிலங்குத் துறை கயாக் பாதைகளை அடையாளமிட்டு வைத்திருக்கிறது. அரான்சஸ் பாஸ் அருகே உள்ள லைட்ஹவுஸ் லேக்ஸ் அவற்றில் பேர்பெற்றது. வரைபடத்தில் எல்லாத் துறையும் ஒன்றுபோலத்தான் தெரியும். நேரில் போனால் ஒன்றில் பாசி படிந்த கான்கிரீட் சரிவு, இன்னொன்றில் கணுக்கால் புதையும் சேறு, மற்றொன்றில் கெட்டியான மணல் இருக்கும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் நல்லதாக இருக்கும் சரிவு, வற்றும்போது பாசிப் பகுதியை வெளியே காட்டும். செயற்கைப் பாதத்தை அதில் வைத்தால் நிற்காது. சேறோ காலையே உருவிக்கொள்ளும்.

சில ஊர்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று மிதவைத் துறைகள் வந்துவிட்டன. ஈஸி டாக் நிறுவனத்தின் துறை அவற்றில் ஒன்று. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மிதவையின் நடுவே படகு அளவுக்கு ஒரு பள்ளம். அதன் அடியில் உருளைகள். படகு அதில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் படிப்படியாக இறங்கும் ஒரு பெஞ்சு. சக்கர நாற்காலியிலிருந்து மேல் படிக்கு நகர்ந்து, பின் கீழ்ப்படிக்கு நகர்ந்து, அங்கிருந்து ஒரு பலகை வழியே படகின் இருக்கைக்குச் சறுக்கலாம். தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளக் கம்பிகள். உட்கார்ந்த பின் இரு பக்கக் கைப்பிடிகளைப் பிடித்து முன்னே இழுத்தால் உருளைகள் மேல் ஓடிப் படகு தண்ணீரில் இறங்கும். திரும்பும்போது வேகமாக ஏறிவந்து அதே பக்கக் கைப்பிடிகளைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இப்படி ஒன்று இருந்தால், எந்தப் படகு என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி. அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல் தரவிதிகளில் படகுத்துறைகளுக்கும் மீன்பிடி மேடைகளுக்கும் தனிப் பிரிவுகளே உண்டு. உள்ளூர்ப் பூங்கா நிர்வாகத்திடம் கேட்கத் தயங்காதீர்கள்.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊனம் என்று சொன்னதும் கடையில் எல்லோரும் ஆக அகலமான படகைக் காட்டுவார்கள். அது பாதி உண்மை. அகலம் கூடக் கூட உட்கார்ந்த நிலையில் ஆட்டம் குறையும். ஆனால் பெடல் பழுதானால் துடுப்புதான் கதி. அகலப் படகில் தண்ணீரைத் தொட நீளமான துடுப்பு வேண்டும், 250 சென்டிமீட்டருக்கு மேல்கூட. துடுப்பு நீளநீள அதன் பாரம் தோளில்தான் இறங்கும். கவிழ்ந்துவிட்டாலோ, தலைகீழாக மிதக்கும் 38 அங்குலப் படகைப் புரட்டிப்போட நல்ல பலம் வேண்டும். உங்களுக்கு 33, 34 அங்குலம் போதும். துடுப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அலுமினியத் துடுப்பு ஒரு கிலோவைத் தாண்டும். கார்பன் துடுப்பு 800 கிராம் அளவில் கிடைக்கும். துடுப்பைத் தாழ்வாகப் போடுங்கள். கை தோள் மட்டத்துக்கு மேலே எழ வேண்டியதே இல்லை.

இருக்கை உயரத்திலும் இப்படி ஒரு இழுபறி. உயரமான இருக்கையிலிருந்து எழுவது சுலபம். தாழ்வான இருக்கையில் படகு நிலையாக இருக்கும். கடையில் தரையில் வைத்த படகில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் ஒரு பக்கம் தொங்கப்போட்டு, உதவியில்லாமல் எழுந்து பாருங்கள். ஒரு தடவை போதாது. ஐந்தாவது தடவை எப்படி இருக்கிறது என்பதே சாயங்கால நிலவரம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நமக்கு இது ஆகாது போலிருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அலபாமாவைச் சேர்ந்த கிளே டயர் 1978-ல் பிறந்தவர். கால்கள் இரண்டும் கிடையாது, இடது கை கிடையாது, வலது கையும் பாதிதான். தொழில்முறை பாஸ் மீன் போட்டிகளில் கலந்துகொள்பவர். தூண்டில் கழியைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி வீசுகிறார். முடிச்சுகளை வாயால் போடுகிறார். தனக்கென்று விசேஷக் கருவி எதுவும் வேண்டாம் என்பது அவர் வழக்கம். அவர் மீன்பிடிப்பது பெரிய மோட்டார் படகில், கயாக்கில் அல்ல. ஆகவே படகு விஷயத்தில் அவர் உங்களுக்கு முன்மாதிரி இல்லை. மற்ற விஷயத்தில் உண்டு: வீசும் முறையை உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நீங்களும் தலைக்கு மேலிருந்து வீசுவதை விட்டுவிட்டு, பக்கவாட்டில், இடது கையால் வீசிப் பழகுங்கள். வலது கைக்கு ரீல் சுற்றும் வேலையை மட்டும் கொடுங்கள். டெக்சாஸில் 20 முதல் 28 அங்குல ரெட்ஃபிஷ்தான் வீட்டுக்குக் கொண்டுபோகும் அளவு. அந்த அளவு மீனே படகை இழுத்துக்கொண்டு ஓடும். இழுக்கட்டும். படகு போனால் தோள் தப்பிக்கும்.

பழக்கிவிடவும் ஆட்கள் உண்டு. 2004-ல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் டீம் ரிவர் ரன்னர் என்ற அமைப்பு தொடங்கியது; போரில் கை காலை இழந்தவர்களைக் கயாக்கில் ஏற்றினார்கள். பழக்கியது ஆற்றில் அல்ல, முதலில் நீச்சல் குளத்தில். டெக்சாஸிலேயே 2007-ல் ஹீரோஸ் ஆன் தி வாட்டர் தொடங்கியது. அது முன்னாள் படைவீரர்களைக் கயாக் மீன்பிடிக்கு அழைத்துப்போகிறது. அமெரிக்கன் கனூ சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்குத் துடுப்புப் பயிற்சி தருவதற்கென்றே பயிற்றுநர்களைத் தயார்செய்கிறது. அந்தத் துறைக்கு அடிப்படை நூல் எழுதியவர்களில் ஒருவரான ஜேனட் ஜெல்லர், முதுகுத்தண்டுக் காயத்தால் கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர். அத்தகைய பயிற்றுநர் ஒருவரிடம் இரண்டு வகுப்பு போய்விட்டு வாருங்கள். படகுக் கடையில் கிடைக்காத விஷயம் அங்கே கிடைக்கும்: கவிழ்ந்து பார்ப்பது.

கவிழ்ந்தே பார்க்க வேண்டும். இடுப்பளவுத் தண்ணீர், வெயில் நாள், தூண்டில் சாமான் இல்லாத வெறும் படகு, பக்கத்தில் ஒரு நண்பர். சாதாரணமாகப் படகின் குறுக்கே வயிற்றால் ஏறி, கால்களை உதைத்து, புரண்டு உட்காருவார்கள். உங்களுக்கு உதைப்பில் பாதி குறையும், இழுப்பில் வலக்கை கைவிடும். எதிர்ப்பக்கக் கைப்பிடியில் கட்டி, அடிவழியே கொண்டுவந்த நாடா வளையம் ஒன்று, நல்ல காலை வைத்து ஏறும் படியாக உதவும். செயற்கைக் கால் மிதக்கிறதா, மூழ்குகிறதா, நீர் நிரம்பி இழுக்கிறதா என்பதும் அன்றே தெரிந்துவிடும். மிதக்கும் கால் உடம்பையே ஒரு பக்கமாகத் திருப்பிவிடலாம். தினசரி போடும் காலைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். உப்பு அதன் உலோகத்தைத் தின்றுவிடும். தண்ணீருக்கென்று தனிக் கால் செய்ய முடியுமா என்று உங்கள் கால் பொருத்துநரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் பழைய கால் ஒன்று போதும்.

இன்னொன்று, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கரையின் சூடான உப்புநீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா உண்டு. தோல் கிழிந்த இடம் வழியே உள்ளே போனால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். சாக்கெட் உரசிய புண் இருக்கும் நாளில் இறங்க வேண்டாம். சிப்பி கீறி, வீங்கிச் சிவந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போய், கடல்நீரில் இருந்தேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

உங்கள் நிலையில் இல்லாத வாசகர்களுக்கும் கொஞ்சம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர் கடினமான இருக்கையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் அழுத்தப் புண் வரும். சக்கர நாற்காலியின் காற்று மெத்தையையே படகிலும் போட்டுக்கொள்ளலாம். முதுகுத்தண்டில் மேற்பகுதிக் காயம் என்றால் உடம்பு வியர்த்துக் குளிராது. டெக்சாஸ் கோடையில் காலை பத்து மணிக்கே கரையேற வேண்டும். ஒரு கை மட்டும் உள்ளவருக்கு ஆங்கிள் ஓர் போன்ற நிறுவனங்கள், துடுப்பின் எடையைத் தாங்கும் சுழல் தாங்கி செய்கின்றன. உட்கார்ந்த நிலை சரியாக நிற்காதவருக்கு கிரியேட்டிங் எபிலிட்டி நிறுவனத்தின் தாங்கு இருக்கையும் பக்க மிதவைகளும் உண்டு. எது செய்தாலும் ஒரு விதி மாறாது: ஆளைப் படகோடு கட்டிப்போடக் கூடாது.

மோட்டார் படகு ஆசையை ஒரு வருடம் தள்ளிவையுங்கள். ஓல்ட் டவுனின் ஆட்டோபைலட் அருமையான சாமான்தான். பொத்தானை அழுத்தினால் ஜிபிஎஸ் உதவியோடு படகு ஒரே இடத்தில் நிற்கும், நங்கூரம் இழுக்கும் வேலையே இல்லை. இரண்டு காலும் ஓடாதவருக்கு அதைத்தான் சிபாரிசு செய்ய வேண்டும். உங்களுக்குப் பெடல் மிதிக்கக் கால் இருக்கிறது. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் எடை மறுபடி ஏறும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 27 கிலோவுக்குக் குறையாது, லித்தியம் என்றாலும் 11, 12 கிலோ. டெக்சாஸில் சின்ன மின்மோட்டார் பொருத்தினால்கூடப் படகைப் பதிவு செய்தாக வேண்டும். பெடலோ துடுப்போ மட்டும் என்றால் அந்தச் செலவு கிடையாது.

காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கோடையில் தென்கிழக்குக் காற்று மதியத்துக்கு மேல் பலமாகும். காலையில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்பும்படி பாதையை அமையுங்கள்.

ஆக, உங்களுக்குச் சொல்லும் தீர்ப்பு இது. பத்திலிருந்து பதினோரு அடிக்குள், 33, 34 அங்குல அகலத்தில், தள்ளு பெடல் உள்ள, மேலே உட்காரும் கயாக். புதிதாக வேண்டாம், செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். ஒரு பருவம் ஓட்டினால்தான் உங்கள் உடம்பு எதைக் கேட்கிறது என்று தெரியும், அப்போது விற்றாலும் பெரிய நஷ்டமில்லை. வாங்கும் முன் அடிப்பக்கத் துளைகளின் ஓரத்திலும் பெடல் குழியின் மூலைகளிலும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எடைத் தாங்கலில் நிறுவனம் சொல்வதில் எழுபது சதவீதம் வரைதான் ஏற்றுங்கள். மிச்சப் பணத்தில் டிரெய்லர், கார்பன் துடுப்பு.

லைஃப் ஜாக்கெட்டை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். கயாக் இருக்கையின் முதுகில் இடிக்காதபடி பின்பக்க நுரை மேலே ஏறியிருக்கும் வகையாகப் பார்த்து, வலது கையை முழுக்கத் தூக்காமலே மாட்ட முடிகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். டெக்சாஸ் சட்டப்படி பெரியவர்கள் அதைப் படகில் வைத்திருந்தால் போதும், போட்டிருக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கிலோ, படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அதைப் போடாதவர்கள். காரை விட்டு இறங்கும்போதே மாட்டிவிடுங்கள். திரும்பிக் காரில் ஏறும்போது கழற்றினால் போதும்.